லயத்து இல்லறத்தின் வரலாறு

தோட்ட வரலாறு என்றதும் கப்பலும் கங்காணியும் ரப்பர் மரமும்தான் நம் நினைவுக்கு வரும். லயத்துக்குள்ளே கணவனும் மனைவியும் எப்படி வாழ்ந்தார்கள், மனம் கசந்தபோது யாரிடம் போய் நின்றார்கள் என்பதும் வரலாறுதான்.

1901ஆம் ஆண்டில் மலாயாவிலிருந்த இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு இருநூறு பெண்கள்கூட இல்லை. 1931இலும் அந்தத் தொகை ஐந்நூறை எட்டவில்லை. ஆகவே இல்லறம் எல்லா ஆண்களுக்கும் கிட்டிய பேறன்று. கிட்டியவனுக்கும், வேறொருவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவானோ என்ற அச்சம் இருந்தது. அப்படிக் கூட்டிப் போவதைத் தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு குற்றமாக்கியது. ஆனால் முறையிடும் உரிமை கணவனுக்கு மட்டுமே. கணவன் வேறொருத்தியோடு போனால் மனைவிக்கு அந்தக் கதவு திறக்காது. போனவள் ஆசைப்பட்டுப் போனாளா, அடிக்குப் பயந்து போனாளா என்றும் அந்தப் பிரிவு கேட்டதில்லை.

ஆயினும் நம் பெண்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. அவர்களும் பால் வெட்டினார்கள். 1920களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று சம்பளம் வகுக்கப்பட்டது. நியாயமில்லாத கணக்குத்தான். என்றாலும் அது அவள் பெயரில் விழுந்த காசு. வீட்டுச் சண்டையில் அவள் குரலும் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

பிறகு வந்தது சயாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலோர் தமிழர். காலராவிலும் காய்ச்சலிலும் பல்லாயிரவர் மாண்டனர். இங்கே மனைவிக்கோ, இறந்தான் என்ற சேதியும் இல்லை, இருக்கிறான் என்ற கடிதமும் இல்லை. நெற்றியில் பொட்டு வைப்பதா, அழிப்பதா? சிலர் காத்திருந்தனர். சிலர் பிள்ளைகளின் வயிற்றை எண்ணி இன்னொருவனோடு குடித்தனம் நடத்தினர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

அந்நாளில் கோயில் முன்னால் தாலி கட்டினால் கல்யாணம். பதிவுக் கடுதாசி தேடியவர் குறைவு. சண்டை வந்தால் கங்காணியோ ஊர்ப் பெரியவர்களோ தீர்த்துவைப்பார்கள். முஸ்லிம் அல்லாதவருக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. பதிவு கட்டாயமாயிற்று. முதல் மனைவி இருக்கையில் இரண்டாந்தாரம் கட்டுவது செல்லாது என்றாயிற்று. மணமாகி இரண்டாண்டு ஆகுமுன் பொதுவாக மணவிலக்குக் கேட்க முடியாது. ஒருவர் மட்டும் கேட்டால், முதலில் சமரசக் குழுவிடம் போக வேண்டும். அடித்து வதைப்பது போன்ற கொடுமைகளுக்கு விலக்கு உண்டு. கங்காணி திண்ணையில் நடந்த பஞ்சாயத்து இப்படித்தான் அரசாங்க அறைக்கு வந்தது. அங்கே மனைவிக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

அந்த 498ஆம் பிரிவு மட்டும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. கணவனுக்கு மட்டும் உரிமை தருவதால் அது அரசமைப்புக்கு முரண் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 டிசம்பரில்தான்.