ஸ்பைடர்-மேன் முப்படத் தொகுதி (2002–2007)

ஸ்பைடர்-மேன் முப்படத் தொகுதி என்பது, அமெரிக்க இயக்குநர் சாம் ரெய்மி இயக்கி, கொலம்பியா பிக்சர்ஸ் நிறுவனத்தார் 2002, 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று திரைப்படங்களைச் சேர்த்துக் குறிப்பதாகும். 1962-ஆம் ஆண்டில் 'அமேசிங் ஃபேன்டஸி' என்னும் சித்திரக்கதை ஏட்டின் 15-ஆவது இதழில், ஸ்டான் லீயின் எழுத்திலும் ஸ்டீவ் டிட்கோவின் சித்திரத்திலும் முதன்முதலாகத் தோன்றிய பீட்டர் பார்க்கர் என்னும் மாணவனின் கதையே இவற்றுக்கு ஆதாரம். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில், பெற்றோரை இழந்து, பென் பெரியப்பாவின் ஆதரவிலும் மே பெரியம்மாவின் அரவணைப்பிலும் வளர்ந்த அந்த எளிய பிள்ளையை ஒரு சிலந்தி கடித்துவிட, சுவரில் ஊரவும் நூல் வீசித் தாவவும் வல்ல அமாநுஷ்ய சக்தி அவனுக்கு வாய்க்கிறது. அச்சக்தியை அவன் என்ன செய்தான், அது அவனை என்ன செய்தது என்பதே மூன்று படங்களுக்கும் விஷயம்.

பீட்டராக டோபி மக்வைரும், அவன் காதலிக்கும் அண்டை வீட்டுப் பெண் மேரி ஜேனாகக் கிர்ஸ்டன் டன்ஸ்டும், அவனுடைய தோழன் ஹாரி ஆஸ்பர்னாக ஜேம்ஸ் பிராங்கோவும், பெரியம்மாவாக ரோஸ்மேரி ஹாரிஸும் மூன்று படங்களிலும் தொடர்ந்து நடித்தனர். முதற்படம் அமெரிக்காவில் வெளியான முதல் வார இறுதியிலேயே 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, அவ்வெல்லையைக் கடந்த முதல் திரைப்படம் என்னும் ஸ்தானத்தைப் பெற்றது. இரண்டாவது, காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் பரிசை அடைந்தது. மூன்றாவது, வசூலில் மற்ற இரண்டையும் விஞ்சியபோதிலும், விமரிசகர்களின் அபிமானத்தை அவற்றைவிடக் குறைவாகவே பெற்றது. முதற்படத்தின் திரைக்கதையை டேவிட் கெப் எழுத, இரண்டாவதை ஆல்வின் சார்ஜன்ட் எழுத, மூன்றாவதை ரெய்மியும் அவர் சகோதரர் ஐவனும் சார்ஜன்டுடன் சேர்ந்து எழுதினர். இவ்வாறு பல கைகள் புகுந்த ஒரு தொகுதி, வெளிவந்த காலத்தில் இடைவெளி விட்டுப் பார்த்தவர்களுக்கு மூன்று தனிக்கதைகளாகத் தோன்றியிருக்கக் கூடுமாயினும், பல்லாண்டு கழித்து அடுத்தடுத்து வைத்து மீண்டும் பார்ப்பவருக்கு ஒரே கதையாய் இறுகித் தோன்றுவது ஆராயத்தக்கது. அந்த இறுக்கத்துக்குக் காரணம், முதற்படத்தின் நடுவே ஓர் இரவில் நிகழும் பென் பெரியப்பாவின் மரணம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அவ்விரவின் நிகழ்ச்சிகளை முதலிற் கூறுவது அவசியம். மல்யுத்த மேடையொன்றில் வென்றால் 3,000 டாலர் பரிசு என்னும் விளம்பரத்தை நம்பிய பீட்டர், புத்தகசாலைக்குப் போவதாகப் பொய் சொல்லிப் பெரியப்பாவின் காரில் ஏறி, வழியில் அவர் கூறிய புத்திமதியைப் பொறுக்காமல், அவர் தன் தந்தை அல்லர் என்று மனம் நோகப் பேசிவிட்டு இறங்குகிறான். வென்ற பிறகு போட்டியை நடத்தியவன் 100 டாலர் மட்டும் கொடுத்து வஞ்சிக்க, சற்று நேரத்தில் அதே மனிதனிடம் கொள்ளையடித்து ஓடிவரும் திருடனைத் தடுக்க வல்லவனாயிருந்தும், பீட்டர் வேண்டுமென்றே ஒதுங்கி வழிவிடுகிறான். வெளியே வந்தால் பெரியப்பா குண்டடிபட்டுத் தெருவிற் கிடக்கிறார். துரத்திப் பிடித்த கொலைகாரனின் முகமோ, தான் வழிவிட்ட அதே முகம். முதன்முறை காண்பவர் இதனை வீரன் ஒருவனின் உற்பத்திக் கதையாக மட்டும் கொண்டு, அடுத்து வரும் ஆகாயப் பாய்ச்சல்களை எதிர்நோக்கிக் கடந்துவிடுவர். மறுமுறை காண்பவரோ, காரில் நிகழும் அந்த ஒரு நிமிஷப் பேச்சில், பின்வரும் இரண்டு படங்களின் துக்கமும் அடங்கியிருத்தலை அறிவர்.

இரண்டாம் படம் அந்தக் காருக்கே திரும்பிச் செல்கிறது. வாடகை பாக்கி, வேலை இழப்பு, படிப்பில் தோல்வி, காதலியின் மனத்தாங்கல் ஆகிய யாவும் சேர்ந்து நெருக்க, வீர வேஷத்தையே துறந்துவிட எண்ணும் பீட்டரின் மனக்கண்ணில், கிளிஃப் ராபர்ட்ஸன் நடித்த பென் பெரியப்பா, அதே காரில், அதே இருக்கையில் அமர்ந்து கையை நீட்டுகிறார். அவன் அக்கையைப் பற்ற மறுக்கிறான். முன்பு கோபத்தால் மறுத்தவன் இப்போது களைப்பால் மறுக்கிறான் என்னும் வேற்றுமையை, இரு படங்களையும் சேர்த்துப் பார்த்தாலன்றி உணர்தல் அரிது. இதற்குப் பின்னர், பெரியம்மாவின் வீட்டு மேஜையருகே அமர்ந்து, திருடனைத் தடுக்காமல் விட்டவன் தானே என்று பீட்டர் வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் காட்சி வருகிறது. ரோஸ்மேரி ஹாரிஸ் அங்கே ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவன் கையினின்றும் தன் கையை மெல்ல விலக்கிக்கொண்டு மாடிக்குச் சென்றுவிடுகிறார். கடன் தீர்க்க முடியாமல் வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் அவர் அவனை மனமார மன்னிக்கிறார். ஒவ்வொருவருள்ளும் ஒரு வீரன் உறைகிறான் என்னும் பொருள்பட அன்று அவர் பேசுவதைக் கவனித்துக் கேட்டால், முகமூடிக்குள் இருப்பவன் யார் என்பதை அம்மூதாட்டி அறிந்தே பேசுகிறாரோ என்ற ஐயம் எழுகிறது. படம் அதனை வெளிப்படையாகக் கூறவில்லை. எனினும், அவர் அறிந்திருந்தார் என்று கொள்வதே அக்காட்சிக்கு அழகு சேர்க்கும்.

மூன்றாம் படத்தில் இவ்விஷயம் ஒரு மாறுதலை அடைகிறது. பென் பெரியப்பாவைச் சுட்டவன் முதற்படத்துத் திருடன் அல்லன், தாமஸ் ஹேடன் சர்ச் நடித்த பிளின்ட் மார்க்கோ என்னும் வேறொருவன் என்று போலீஸார் தெரிவிக்கின்றனர். இம்மாறுதலை ரசிகர்கள் பலர் பிழையெனவே கருதினர். பீட்டரின் குற்றத்தையே கதையினின்று அழித்துவிட்டது இது என்பது அவர்கள் வாதம். முதற்பார்வையில் இவ்வாதம் நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும் மார்க்கோ இறுதியில் நடந்ததைச் சொல்லும் இடத்தைக் கூர்ந்து நோக்குவோமாயின், காரைப் பறிக்க வந்த அவனிடம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகுமாறு பெரியவர் சாந்தமாகக் கூறிக்கொண்டிருந்தபோது, கொள்ளைப் பணத்துடன் கூட்டாளி ஓடிவர, அந்தப் பதற்றத்தில் குண்டு பாய்ந்துவிட்டது என்பது விளங்கும். அக்கூட்டாளி யார்? பீட்டர் வழிவிட்ட திருடன். அவன் தடுக்கப்பட்டிருந்தால் அத்தெருவுக்கு ஓடிவந்திருக்கப் போவதுமில்லை. குண்டு பாய்ந்திருக்கப் போவதுமில்லை. ஆகவே பீட்டரின் பங்கு அழிந்துபடவில்லை. அவனும் மார்க்கோவும் ஒரே பாவத்தின் இரு பங்காளிகள் ஆகின்றனர். தானும் கொடுமை செய்தவனே என்று சொல்லிப் பீட்டர் அவனை மன்னிக்கும்போது, பெரியம்மாவிடம் தான் பெற்ற மன்னிப்பையே மற்றொருவனுக்கு வழங்குகிறான். முதற்படத்தில் இழைத்த குற்றம், இரண்டாவதில் ஒப்புக்கொள்ளப்பட்டு, மூன்றாவதில் மன்னிப்பாகக் கைமாறுகிறது. இம்முறைமையைத் திரைக்கதாசிரியர்கள் இன்னும் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கலாம் என்பது மெய். ஆனால் அது படத்தில் இல்லை என்பது மெய்யன்று.

இத்தகைய தொடர்ச்சி உடலைப் பற்றிய விஷயங்களிலும் காணப்படுகிறது. சித்திரக்கதையில் பீட்டர் தானே நிர்மாணித்த சிறு இயந்திரத்தால் நூலை வீசுபவன். படத்திலோ நூல் அவன் மணிக்கட்டினின்றே சுரக்கிறது. 1990-களில் இக்கதையைப் படமாக்க முனைந்திருந்த ஜேம்ஸ் கேமரூனின் குறிப்புகளிலிருந்து வந்த இந்த யோசனையை, முதற்படம் வெளியானபோது மூலக்கதையின் பக்தர்கள் வன்மையாக ஆட்சேபித்தனர். இரண்டாம் படத்தைக் கண்டபின் அந்த ஆட்சேபணைக்கு இடமில்லை. மனம் சோர்ந்த பீட்டர் கட்டடங்களுக்கு நடுவே தாவுகையில் நூல் வற்றிப்போய் வீழ்வதும், சிலந்தி கடித்த மறுநாள் தேவையற்றுப்போன மூக்குக்கண்ணாடி மீண்டும் தேவைப்படுவதும், சக்தி அவனுடைய சரீரத்தோடும் சித்தத்தோடும் பிணைந்திருப்பதாலேயே அர்த்தம் பெறுகின்றன. இயந்திரமாயிருந்தால் அது பழுது. மணிக்கட்டாயிருப்பதால் அது மனோவியாதி.

மேரி ஜேனின் கதையில் இதைவிட நுட்பமானதோர் இழை ஓடுகிறது. கொட்டும் மழையில் தலைகீழாய்த் தொங்கும் முகமூடி வீரனை அவள் முத்தமிடும் முதற்படக் காட்சி உலகப் பிரசித்தம். இரண்டாம் படத்தில், தான் மணக்கவிருக்கும் விண்வெளி வீரன் ஜான் ஜேம்ஸனைத் தலையைப் பின்னே சாய்க்கச் சொல்லி, அதே நிலையில் முத்தமிட்டுப் பார்க்கிறாள். பழைய அநுபவம் திரும்பாமையால், தன் மனம் யாரிடம் இருக்கிறது என்பதை உணர்கிறாள். மூன்றாம் படத்தில், நகரத்தார் எடுக்கும் பாராட்டு விழாவில், ஜனத்திரளின் ஆரவாரத்துக்காக, பீட்டர் அதே தலைகீழ் முத்தத்தை க்வென் ஸ்டேஸி என்னும் வேறு பெண்ணுக்கு அளிக்க, மேரி ஜேன் கூட்டத்தில் நின்று அதனைக் காண்கிறாள். மூன்றாம் படத்தை மட்டும் காண்பவருக்கு இது பொறாமைக் காட்சி. மூன்றையும் காண்பவருக்கோ இதனை விசுவாச பங்கம் என்றே சொல்லத் தோன்றும். உணவு விடுதியில் பரிசாரகியாயிருந்தவள், நாடக நடிகையாகி, மேடையிழந்து, மீண்டும் ஜாஸ் விடுதியொன்றில் உணவு பரிமாறிப் பாடும் நிலைக்கு இறங்குவதும் இதனோடு ஒட்டி நோக்கத்தக்கது. அவளுடைய வீழ்ச்சியைக் கவனியாத காதலனின் கர்வமே மூன்றாம் படத்தில் அவன் அணியும் கறுப்பு உடையாக உருக்கொண்டு அவனைப் பற்றிக்கொள்கிறது.

நகர மக்களும் மூன்று படங்களிலும் பங்கு கொள்கின்றனர். முதற்படத்தில் குவீன்ஸ்பரோ பாலத்தின் மேல் நின்று அவர்கள் வில்லன்மேல் கண்டதை எறிகின்றனர். இரண்டாவதில், ஓடும் ரயிலைத் தன் நூலாலும் உடல் வலிமையாலும் தடுத்து நிறுத்தி மயங்கி விழுந்தவனைத் தலைக்குமேல் ஏந்திச் சென்று கிடத்தி, முகமூடியற்ற அந்த இளமுகத்தைக் கண்டும் ரகசியம் காக்கின்றனர். இக்காட்சியின் ஒரு பகுதி சிகாகோ நகரத்தின் மேம்பால ரயில் பாதையில் எடுக்கப்பட்டது. எத்தனை முறை கண்டாலும் இது நெகிழ்விக்கும் காட்சி. மூன்றாம் படத்தில் மக்கள் கைதட்டுவதோடு நின்றுவிடுகின்றனர்.

ஆஸ்பர்ன் குடும்பத்தின் கதையோ முழுத் தொகுதியையும் ஊடுருவிச் செல்வது. முதற்படத்தின் வில்லனும் ஹாரியின் தந்தையுமாகிய, வில்லெம் டஃபோ நடித்த நார்மன் ஆஸ்பர்ன், பீட்டரை முதுகிற் குத்தும்படி ஏவிய தன் பறக்கும் கிளைடரின் கத்திக்குத் தானே இரையாகி, தன் மகனுக்குச் சொல்லாதே என்று வேண்டிக்கொண்டு சாகிறான். அந்த வேண்டுகோளைப் பீட்டர் காப்பாற்றுகிறான்; காப்பாற்றியதன் பலனாக ஹாரியின் பகை வளர்கிறது. முதற்படத்தில் தந்தை எந்தப் பாவனையில் நிலைக்கண்ணாடியோடு பேசினானோ, அந்தப் பாவனையிலேயே இரண்டாம் படத்தின் முடிவில் மகன் கண்ணாடியில் தந்தையைக் காண்கிறான். மூன்றாவதில், வெனம் என்னும் பகைவன் அதே வகைக் கிளைடரைப் பீட்டர்மேல் பாய்ச்ச, ஹாரி குறுக்கே விழுந்து உயிர் விடுகிறான். தந்தையைக் கொன்ற ஆயுதம் மகனையும் கொல்வது அமைப்பில் மிகச் சிறந்த பொருத்தம். ஆனால் ஹாரியின் மனம் மாறும் இடத்தில்தான் மறுபார்வை தாங்காத பலவீனம் ஒன்று வெளிப்படுகிறது: நார்மனின் காயத்தைக் கழுவியபோதே உண்மையை அறிந்துவிட்ட வீட்டுப் பணியாளன், இத்தனை காலமும் வாய் திறவாதிருந்துவிட்டு, கதைக்கு வேண்டிய நேரத்தில் திறக்கிறான். இதற்குச் சமாதானம் எதுவும் படத்தில் இல்லை.

மூன்றாம் படத்தின் குறை பெரிதும் மிகுதியால் விளைந்தது. தயாரிப்பாளர் அவி அராடின் வற்புறுத்தலால் வெனம் சேர்க்கப்பட்டதாக ரெய்மியே பின்னர் கூறியுள்ளார். அப்பாத்திரம் அவசரமாகப் புகுந்து அவசரமாக மடிவதைக் காணும்போது இது வியப்பளிக்கவில்லை. முதலிரண்டு படங்களின் இசையமைப்பாளர் டேனி எல்ஃப்மன் விலகியதால் கிறிஸ்டஃபர் யங் அப்பொறுப்பை ஏற்றார். ஆயினும், அணு ஆராய்ச்சிக் குழியில் மணலாய்ச் சிதறிய மார்க்கோ, மகளின் உருவம் பதித்த பதக்கத்தை எடுக்கும் தவிப்பால், துகள் துகளாய்த் திரண்டு, சரிந்து, மீண்டும் எழுந்து மனித வடிவம் பெறும் காட்சி, வசனம் ஒன்றுமின்றி யங்கின் இசையிலேயே நடப்பது. கணினி வரைகலையைக் கருணை ரசத்துக்கு இவ்வளவு பயன்படுத்திய இடங்கள் இவ்வகைப் படங்களில் மிகச் சிலவே. இரண்டாம் படத்தில் ஆல்ஃபிரட் மொலினா நடித்த டாக்டர் ஆக்டேவியஸ், தன் கொடிய சிருஷ்டியைத் தானே நதியில் அமிழ்த்தி மாள்வதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், ரெய்மியின் உலகில் பகைவர்கள் யாவரும் ஏதோ ஓர் அன்பினாலோ லட்சியத்தாலோ வழி தவறிய மனிதர்கள் என்பது புலனாகும்.

நான்காம் படம் ஒன்றுக்கான முயற்சி 2010-இல் கைவிடப்பட, 2012-இல் வேறு இயக்குநரும் வேறு நடிகர்களும் கதையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் சொன்னார்கள். 2021-இல் ஜான் வாட்ஸ் இயக்கிய 'ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்' என்னும் படத்தில் மக்வைர், டஃபோ, மொலினா ஆகியோர் தத்தம் பழைய வேடங்களில் மீண்டும் தோன்றினர். அதில் டாம் ஹாலண்ட் நடித்த, வேறோர் உலகத்தைச் சேர்ந்த இளம் பீட்டர், தன்னை வளர்த்த மே பெரியம்மாவைக் கொன்ற நார்மனை அந்தக் கிளைடரின் கத்தியாலேயே குத்தப் போகும்போது, நடுத்தர வயதை எட்டிவிட்ட மக்வைரின் பீட்டர் இடையே புகுந்து, ஒன்றும் பேசாமல், கிளைடரை இரு கைகளாலும் பற்றித் தடுக்கிறான். பிந்திய படத்தை மட்டும் கண்டவர்களுக்கு இது சமாதானம் செய்யும் மூத்தவனின் செய்கை. இம்முப்படத் தொகுதியை அறிந்தவர்களுக்கோ, அத்தகைய கத்தி ஏற்கெனவே கொன்ற இருவர் யார் என்பதும், மார்க்கோவை மன்னித்த கைகளே அதனைத் தடுக்கின்றன என்பதும் தெரியும்.