தடத்தருகே நின்றவன்

தெமட்டகொடை புகையிரதப் பணிமனையின் ஓசை கேட்டு வளர்ந்தவன் நான். மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கச் சித்திரை விடுமுறைகளில் மலைநாட்டுக்கு ரயிலேறுவது பின்னாளில் என் வழக்கமாயிற்று.

மலைநாட்டுக்கும் பந்தயத்துக்குமான உறவு பழையது. நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. தியத்தலாவையோ 1900இல் போவர் போர்க் கைதிகள் அடைக்கப்பட்ட ஊர்; பின்னர் இராணுவ நகரம். அங்கேதான் பொக்ஸ் ஹில் பந்தயத் திடல் இருக்கிறது. பார்வையாளர்கள் தடத்தை நெருங்கி நிற்பார்கள், நானும் நின்றிருக்கிறேன். புழுதி முகத்தில் படிந்தால்தான் எங்களுக்கு நிறைவு.

ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின், 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே பந்தயம் மீண்டும் நடந்தது. கட்டுப்பாடிழந்த கார் ஒன்று கூட்டத்தினுள் புகுந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி.

1955இல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதே உலகம் இப்பாடத்தைக் கண்டது. சுவிட்சர்லாந்து சுற்றுத்தடப் பந்தயங்களையே தடை செய்தது.

தடத்தருகே நின்று நலமாக வீடு திரும்பிய ஆண்டுகளை என் துணிவுக்குச் சான்றாக எண்ணியிருந்தேன். அது வெறும் நற்பேறு என்பதை இப்போது அறிகிறேன். இனிச் செல்லும் இளைஞர்களே, தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். தடுப்பு இல்லையேல் திரும்பி வந்துவிடுங்கள்.