உபகாரமன்று, உரிமை

ஆண்டுவிழாவன்று மாணவர்க்குப் பரிசளிப்பது தமிழ்ச் சங்கங்களின் நல்வழக்கம். அப்பரிசு பார்வையற்ற மாணவரையும் தேடிச் செல்லவேண்டும் என்பதே நம் விண்ணப்பம். அதற்கு வரலாறும் துணை நிற்கிறது.

தாராவித் தமிழர் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அச்சீமையின் பாளையங்கோட்டையில் 1890-ஆம் ஆண்டிலேயே பார்வையற்றோர்க்கெனப் பள்ளி தோன்றியது. 1900-இல் அன்னா மில்லார்ட் அம்மையார் பம்பாயில் தொடங்கிய பள்ளியே, நம் மாதுங்காவை அடுத்த தாதரில், கமலா மேத்தா பள்ளியாக விளங்குகிறது. ஆகவே, நாம் விட்டு வந்த சீமையும் வந்து சேர்ந்த நகரமும் இத்துறையில் முன்னோடிகளே.

பள்ளி இருந்தால் போதுமா? ஏடு வேண்டாமா? இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் என்னும் புள்ளியெழுத்து முறை 1951-இல் வந்தது. மறு ஆண்டே பார்வையற்றோர் தேசிய சங்கம் இந்நகரில் உதயமாயிற்று. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாட்டையும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. அரசு உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களையும் ஒதுக்கியது.

சட்டம் இடந்தரும், கருவி தருவது யார்? பார்வை முற்றுமற்ற சென்னைப் பெண்மணி பெனோ செஃபைன், 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். கணினித் திரையைக் குரலாக்கும் மென்பொருள் அவர் படிப்புக்குத் துணையாயிற்று. அத்தகைய கருவிக்கும், தேர்வெழுதித் தரும் துணையாளுக்கும், எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையின் தனிப்பயிற்சிக்கும் பொருள் வேண்டும்.

கல்வி உதவித்தொகையை முன்னோர் உபகாரச் சம்பளம் என்றனர். பெயரில் உபகாரம் இருப்பினும், பெறுவோர்க்கு அஃது உரிமையே. முதல் மதிப்பெண்ணை மட்டும் தேடாமல், ஏடு எட்டாத கைகளையும் நாம் தேடுவோமாக!