ஆளுநரின் மௌனம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில், தொழிற்சாலை மதில்களுக்கு இடையே ஏரிகள் தென்படுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இவ்வட்டாரத்து மோட்டார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. வெள்ளம் வடிந்ததும் காப்பீட்டுக் கணக்கில் பழைய வினா ஒன்று எழும்: அபாயத்தை முன்பே அறிந்தவர் யார், அதை அவர் சொன்னாரா? இவ்வினாவின் வேரைத் தேடினால் நாம் சுமத்ரா தீவுக்குச் செல்ல நேர்கிறது.

1685இல் சென்னையிலிருந்து சென்ற கிழக்கிந்தியக் கம்பெனியார் மிளகு வணிகத்துக்காக அங்கே பென்கூலன் குடியேற்றத்தை நிறுவினர். பிற்காலத்தில் அதன் மார்ல்பரோ கோட்டைக்கு ஆளுநராயிருந்த ஜார்ஜ் கார்ட்டர், அந்நியப் பகைவர் கோட்டையைப் பிடித்தால் தமக்கு இழப்பீடு கிடைக்குமாறு, லண்டனிலிருந்த சகோதரர் மூலம் காப்பீடு எடுத்தார். கோட்டை வலுவற்றது என்பதும் பிரெஞ்சுக்காரர் வரக்கூடும் என்பதும் அவர் அறிந்தவை. காப்பீடு அளித்த போமிடம் அவை சொல்லப்படவில்லை. 1760 மே மாதம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய மாதமே பிரெஞ்சுத் தளபதி தெஸ்தேன் கோட்டையைப் பிடித்திருந்தார். செய்திதான் லண்டனை எட்டியிருக்கவில்லை.

உண்மையை மறைத்தார் என்று கூறிப் பணம் தர மறுத்தார் போம். 1766இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நெறியொன்றை வகுத்தார்: தாம் மட்டுமே அறிந்ததை மறைத்து, மற்றவரை அறியாமையில் ஒப்பந்தம் செய்ய வைத்தல் கூடாது. ஆயினும் வென்றவர் கார்ட்டரே. அக்கோட்டை ஐரோப்பியப் படையைத் தாங்கக் கட்டப்பட்டதன்று என்பது பலரும் அறிந்தது. போரின் போக்கையோ லண்டனில் இருந்தவரே நன்கு கணித்திருக்கலாம் என்றது நீதிமன்றம். இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்திலும் இவ்விரு கூறுகளும் உள்ளன.

'நீரே விசாரித்து அறிந்திருக்கலாமே' என்னும் விடை, கேட்டறியும் வசதியுள்ள வணிகருக்குப் பொருந்தும். ஒரகடத்தில் வாடகை அறையில் தங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது பொருந்துமா? தாம் உறங்கும் நிலம் முன்பு ஓடையா, ஏரியின் உள்வாயா என்பது வருவாய்த்துறை ஏட்டில் இருக்கும். அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். 2015இல் செம்பரம்பாக்கம் ஏரி நீர் திறக்கப்பட்ட முறையைக் கண்டித்த தணிக்கை அறிக்கையும் 2018இல்தான் சட்டமன்றத்துக்கு வந்தது.

கார்ட்டரின் மௌனத்தால் ஒரு வணிகருக்குப் பணம் நட்டம். அலுவலக ஏடுகளின் மௌனத்தால் நட்டமடைவோரில் பலரிடம் காப்பீட்டுப் பத்திரமே இல்லை. அறிந்ததைச் சொல்லும் கடமை அவர்களிடத்தில்தான் முதலில் தொடங்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.