நெல் சுமந்த வள்ளம்

வடக்கே வந்து குடியேறிய நம்மவர்கள், ஊருக்குப் போகிற விடுமுறையில் இரண்டு நாள் மிச்சம் பிடித்து ஆலப்புழைக்கும் ஒரு நடை போய்வருவது வழக்கமாகிவிட்டது. நாங்களும் போனோம். வளைத்துக் கட்டிய மூங்கில் கூரை, உள்ளே கட்டில், மின்விசிறி, பின்பக்கம் சமையலறை. மிதக்கிற வீடு என்றே சொல்லலாம். மதியம் கரிமீனும் சோறுமாகச் சாப்பிட்டுவிட்டு வேம்பநாட்டுக் காயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அப்போது பேத்தி கேட்டாள்: "தாத்தா, நமக்கு முன்னாடி இந்த வீட்ல யாரு குடியிருந்தாங்க?"

"யாரும் இல்லம்மா. நெல்லு இருந்தது" என்றேன். அவள் சிரித்தாள். வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்னது அரைகுறைப் பதில். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் படகுக்கு மலையாளத்தில் கெட்டுவள்ளம் என்று பெயர். கெட்டு என்பது நம் 'கட்டு'தான். வள்ளம் நமக்கும் சொந்தமான சொல். கன்னியாகுமரிக் கடற்கரையில் இன்றும் வள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். கட்டப்பட்ட வள்ளம் என்பதால் கெட்டுவள்ளம். ஆணி கிடையாது, கயிற்றால் கட்டியது. மலையாளத்தார் ஆஞ்ஞிலி என்றும் நம் தெற்கத்தியார் அயினி என்றும் சொல்லும் மரத்தைப் பலகையாக அறுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து வைப்பார்கள். விளிம்பு நெடுகத் துளை போட்டு, இணைப்பின்மேல் தேங்காய் நாரை வைத்து அழுத்தி, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைப்பார்கள். பிறகு முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கிற கறுப்பு எண்ணெயைப் பூசுவார்கள். தண்ணீரும் ஏறாது, பூச்சியும் அரிக்காது.

ஆணி கிடைக்காமலா கயிற்றால் தைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அப்படியில்லை. இரும்பு உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும், தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். தைத்த படகு கரையில் மோதினாலும் தரை தட்டினாலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஒரு பலகை உளுத்தால் தையலைப் பிரித்து அதை மட்டும் மாற்றிவிடலாம். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலாப் படகும் இப்படிக் கயிற்றால் தைத்ததுதான்.

இந்தக் காயல்களில் படகுப் போக்குவரத்து சங்க காலத்துக்கும் பழையது. முசிறித் துறையைப் பாடும் புறநானூற்றின் 343ஆம் பாட்டில், மீனை விற்று மாற்றிய நெல்லைத் தோணியில் குவித்துக் கொண்டுவருவதையும், கடற்கப்பல் தந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகள் கரை சேர்ப்பதையும் பரணர் சொல்கிறார். முசிறியோடு தொடர்புபடுத்தப்படும் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு நடந்தது. அங்கே சுமார் 6 மீட்டர் நீளத்தில் ஒரு மரத்தோணி மண்ணுக்குள் கிடைத்தது. மரத்தைக் குடைந்து செய்தது அது, தைத்ததல்ல. ஆனால் மரம் என்ன தெரியுமா? அதே அயினி.

இனி நெல்லுக்கு வருவோம். குட்டநாடு கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற பூமி. சில இடங்களில் 2 மீட்டருக்கும் கீழே. காயலில் வரப்பு கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி உண்டாக்கிய வயல்கள் அவை. இந்த வேளாண்மை முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013இல் உலகப் பாரம்பரியச் சிறப்புடைய வேளாண் முறைகளில் ஒன்றாக ஏற்றது. அங்கே வயலுக்கு வழியே தண்ணீர்தான். விதை போவதும் படகில், அறுத்த நெல் வருவதும் படகில். பெரிய கெட்டுவள்ளம் 30 டன் வரை ஏற்றும். நெல்லும் மிளகும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு கொச்சிக்கும் ஆலப்புழைக்கும் போகும். அந்த ஆலப்புழையைத் துறைமுகமாக வளர்த்துக் காயலோடு கால்வாய்களால் இணைத்தவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லுக்குறிப் பக்கம் பிறந்தவர் அவர்.

அந்தக் காலத்தில் தண்ணீர்தான் நெடுஞ்சாலை. தந்தை பெரியார் 1924இல் போராடிச் சிறை சென்ற வைக்கம் வேம்பநாட்டுக் காயல் ஓரத்து ஊர்தான். 1925 மார்ச்சில் காந்தியடிகள் அங்கே வந்து இறங்கியதும் படகுத்துறையில்தான். மலையாள மகாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் காலமானது பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்து. நல்லதும் கெட்டதும் எல்லாம் தண்ணீர் வழியாகவே வந்த நாடு அது.

பிறகு பாலங்கள் வந்தன, சாலைகள் வந்தன, லாரி வந்தது. 1989இல் ஆலப்புழைக்கு ரயிலும் வந்தது. மூன்று நான்கு பேர் நாள்கணக்கில் கோல் ஊன்றிக் கொண்டுபோன சுமையை லாரி சில மணி நேரத்தில் கொண்டுபோயிற்று. கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரையுள்ள நீர்வழியை 1993இல் மூன்றாவது தேசிய நீர்வழியாக அறிவித்தார்கள். அதற்குள் வள்ளங்கள் கரையோரம் கிடந்து மக்க ஆரம்பித்துவிட்டன. அந்தச் சமயத்தில்தான், 1990களின் தொடக்கத்தில், சும்மா கிடந்த வள்ளத்தில் படுக்கையறை கட்டிச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றலாம் என்ற யோசனை பிறந்தது. இன்று ஆலப்புழைப் பக்கம் படகு வீடுகள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. எல்லாமே பழைய நெல் வள்ளங்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சுற்றுலாவுக்கென்றே புதிதாகக் கட்டியவை ஏராளம்.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கெல்லாம் எங்கள் படகைக் கரையில் கட்டிவிட்டார்கள். ராத்திரி மீனவர்கள் வலை விரிப்பார்கள், அதற்குமேல் படகு வீடு ஓடக்கூடாது என்பது அங்கே முறை. அப்போதுதான் படகோட்டும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய தகப்பனார் நெல் வள்ளத்தில் கோல் ஊன்றியவராம். படகு நுனியில் கோலை ஊன்றித் தோளால் அழுத்திக்கொண்டே பின்பக்கம் வரை நடக்க வேண்டும், திரும்ப முன்னால் வந்து மறுபடி ஊன்ற வேண்டும். காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள், அன்றைக்குத் தோளுக்கு விடுமுறை. சமையலும் தூக்கமும் வள்ளத்திலேயே. "அச்சனுடெ தோள் கல்லு போல ஆயிருந்நு, ஸாரே" என்று தன் தோளைத் தட்டிக் காட்டினார். பிறகு இயந்திரத்தைக் காட்டி, "எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. ஆனா அச்சன் காயல் தண்ணிய அள்ளிக் குடிச்சதா சொல்லும். இப்ப யார் குடிக்கும்?" என்றார்.

பேத்திக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். இந்த வீட்டில் முன்பு நெல் மட்டும் இருக்கவில்லை, கோல் ஊன்றியவர்களும் இருந்தார்கள். நாம் காசு கொடுத்து ஓய்வெடுக்கிற இடம் அவர்கள் ஓய்வில்லாமல் உழைத்த இடம்.

பெரியவர் சொன்ன தண்ணீர் விஷயத்தையும் நாம் தட்டிக்கழிக்க முடியாது. குட்டநாட்டுப் பயிரைக் கடல் உப்பிலிருந்து காக்க 1970களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டினார்கள். பயிருக்கு நல்லதுதான். ஆனால் உப்பும் நன்னீரும் மாறிமாறிக் கலந்து காயலைக் கழுவிக்கொண்டிருந்த இயல்பான ஓட்டம் தடைபட்டது. ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்கிறது. அதோடு படகு வீடுகளின் டீசலும் கழிவும் சேர்கின்றன. 2002இல் வேம்பநாடு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் தண்ணீர் தெளிந்துவிடாது. சுற்றுலாவைக் குறை சொல்வதும் என் நோக்கமில்லை. அது இல்லாவிட்டால் அந்தப் பெரியவருக்கு வேறு பிழைப்பு தேட வேண்டியிருக்கும். 2018 பெருவெள்ளத்தில் குட்டநாட்டு மக்களைக் கரை சேர்க்கப் படகு வீடுகளும் உதவின.

தையல் கலை இன்னும் மறையவில்லை என்பதுதான் நெஞ்சுக்கு நிறைவான செய்தி. டிம் செவரின் 1980இல் ஓமானில் கட்டி, அடுத்த ஆண்டு சீனாவரை ஓட்டிச் சென்ற 'சோகார்' கப்பலுக்கு மலபார் அயினி மரம்தான் போயிற்று. அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, கேரளத் தச்சர்கள் கயிற்றால் தைத்த 'கௌண்டின்யா' என்ற பாய்மரக் கப்பலை 2025 மே மாதம் நம் கடற்படை கார்வாரில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அது போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குப் பாய் விரித்துப் புறப்பட்டது.

அடுத்த விடுமுறையில் ஆலப்புழைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறுவதற்கு முன்னால், தைத்த வள்ளமா என்று கேளுங்கள். தைத்ததாக இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தத் தையலைக் காட்டுங்கள். பிளாஸ்டிக் குப்பையைக் காயலில் போடாமல் கையோடு கரைக்குக் கொண்டுவாருங்கள். சாயங்காலம் படகு கட்டியதும் படகோட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து நாலு வார்த்தை பேசுங்கள். வாடகையில் அதுவும் சேர்த்திதான்.