உரிமம் ஓட்டுநருக்கு, அதிகாரம் ஆபரேட்டருக்கு: இங்கிலாந்தின் மினிகேப் சட்டத்தில் பொறுப்பின் பங்கீடு

இங்கிலாந்தில் கூலிக்கு ஆளேற்றும் கார்களைச் சட்டம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. தெருவில் கை காட்டினால் நிறுத்தவும் ஸ்டாண்டில் நின்று சவாரி பிடிக்கவும் உரிமை பெற்றது ஒன்று. ஏட்டில் அதன் பெயர் ஹேக்னி கேரேஜ், லண்டன் தெருவில் பிளாக் கேப். முன்கூட்டிப் பதிவு செய்தால் மட்டுமே ஆளேற்றக்கூடியது மற்றொன்று. எட்டுப் பேர் வரை ஏற்றும் இந்த வண்டியை மக்கள் மினிகேப் என்கிறார்கள். லண்டனுக்கு வெளியே முதல் வகைக்கு 1847ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இன்றும் அடித்தளம். இரண்டாம் வகைக்கு 1976இல்தான் சட்டம் வந்தது. லண்டன் அதற்கும் 1998 வரை காத்திருந்தது. அதுவரை தலைநகரில் மினிகேப் ஓட்ட எந்தத் தனி உரிமமும் தேவைப்படவில்லை. லண்டனில் குடியேறிய ஈழத்தமிழர் பலருக்கு இத்தொழில் பிழைப்பாக இருப்பதால் தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அயல் செய்தி அன்று.

இச்சட்டங்களின் கீழ் ஓட்டுநரிடம் கேட்கப்படும் தகுதிகள் காலப்போக்கில் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. அது தவறில்லை என்பதே என் நிலைப்பாடு. ஆனால் ஓட்டுநரின் வேலையை ஆட்டிவைக்கும் அதிகாரம் பதிவை ஏற்கும் ஆபரேட்டரின் கைக்குப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பொறுப்பு மட்டும் ஓட்டுநரின் மேலேயே குவிந்தது. இந்தச் சமனின்மையைத் தொடாமல் தரங்களை மட்டும் உயர்த்துவது பயணிக்கும் பயன் தராது.

மினிகேப் சாலையில் ஓட மூன்று உரிமங்கள் சேர வேண்டும்: வண்டிக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று, பதிவை ஏற்கும் ஆபரேட்டருக்கு ஒன்று. மூன்றும் ஒரே உள்ளாட்சி மன்றம் கொடுத்தவையாக இருக்க வேண்டும். லண்டனுக்கு வெளியே ஓட்டுநர் உரிமம் கேட்பவர் 12 மாதங்களாவது சாதாரண ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க வேண்டும். லண்டனில் அது மூன்று ஆண்டு, வயது 21. குற்றப் பின்னணிச் சோதனை, மருத்துவச் சான்று, 2016 டிசம்பர் முதல் குடிவரவுச் சோதனை, 2022 ஏப்ரல் முதல் வருமான வரிச் சோதனை என்று பட்டியல் நீள்கிறது. உரிமம் கிடைத்த பிறகு, 1976 சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, பேட்ஜைப் பளிச்சென்று தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். பார்வையற்றவரோடு வரும் வழிகாட்டி நாயை ஏற்ற மறுத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். 2022 ஜூன் முதல் ஊனமுற்ற பயணிக்கு உதவி செய்வதும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்காமல் இருப்பதும் சட்டக் கடமை.

இவற்றையெல்லாம் தாளில் சரிபார்த்துவிடலாம். சரிபார்க்க முடியாத நிபந்தனை ஒன்று இருக்கிறது. சட்டத்தின் உயிர்நிலையும் அதுதான். விண்ணப்பிப்பவர் தகுதியும் பொருத்தமும் உடைய ஆள் என்று மன்றத்துக்கு மனநிறைவு ஏற்பட்டாலொழிய உரிமம் தரக்கூடாது என்கிறது 51ஆம் பிரிவு. எது தகுதி என்று சட்டம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவை நீதிமன்றங்கள். 1998இல் மெக்கூல் எதிர் ரஷ்கிளிஃப் வழக்கில், குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவருக்கும் உரிமம் மறுக்கலாம், அதற்குக் கேள்விச் சாட்சியமும் போதும் என்று பிங்ஹாம் பிரபு தீர்ப்பளித்தார். 2002இல் லீட்ஸ் மன்றம் எதிர் ஹுசைன் வழக்கு இன்னொரு கதவையும் அடைத்தது. உரிமம் போனால் குடும்பம் என்ன ஆகும், வீட்டுக்கடன் யார் கட்டுவது என்பவை பார்க்கத்தக்கவை அல்ல என்றது. 2011இல் செர்வெல் மன்றம் எதிர் அன்வர் வழக்கு அதையே புதிய விண்ணப்பங்களுக்கும் நீட்டியது.

2020 ஜூலையில் போக்குவரத்துத் துறை வெளியிட்ட சட்டபூர்வத் தரங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. உங்களுக்கு வேண்டிய ஒருவர், எந்த உடல்நிலையிலும், எந்த நேரத்திலும், இந்த ஓட்டுநரோடு தனியே பயணம் செய்ய விடுவீர்களா என்று முடிவெடுப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். விடை பாதிக்குப் பாதி என்றால் உரிமம் இல்லை. ஐயத்தின் பலன் ஓட்டுநருக்குக் கிடையாது. பாலியல் குற்றத் தண்டனை பெற்றவருக்கு உரிமமே இல்லை. வன்முறைக்குத் தண்டனை முடிந்து பத்து ஆண்டு, நேர்மைக் கேட்டுக்கு ஏழு ஆண்டு, வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் வைத்திருந்ததற்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். கைது செய்யப்பட்டாலே 48 மணி நேரத்துக்குள் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயர்நிலைக் குற்றப் பின்னணிச் சோதனை.

இத்தனை கடுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ரோதரம் என்ற ஊரைச் சொல்ல வேண்டும். அங்கு 1997 முதல் 2013 வரை சுமார் 1,400 சிறார்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக 2014 ஆகஸ்டில் அலெக்ஸிஸ் ஜே அளித்த அறிக்கை மதிப்பிட்டது. அடுத்த பிப்ரவரியில் லூயிஸ் கேசியின் அறிக்கை, டாக்ஸி உரிமப் பிரிவு தன் கடமையைச் செய்யவில்லை என்று வெளிச்சமிட்டுக் காட்டியது. புகார்கள் இருந்தும் உரிமங்கள் நீடித்தன. பூட்டிய காரில், பின்னிருக்கையில், இரவில் தனியாக இருப்பவருக்குக் குற்றவியல் நீதிமன்றத்தின் நிரூபணத் தரம் உதவாது. தீர்ப்பு வருமுன் கெடுதல் நடந்து முடிந்திருக்கும். எனவே மெக்கூல் தீர்ப்பை ஓட்டுநருக்கு எதிரான அநீதி என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிழைப்பைக் கணக்கில் எடுக்காததுகூட, கசப்பாக இருந்தாலும், சரியே. ஆபத்தான ஆளுக்குக் கடன் இருப்பதால் அவர் ஆபத்தில்லாதவர் ஆகிவிடமாட்டார்.

ஆனால் அதே அளவுகோலை எதிர்த்தரப்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆபரேட்டரும் தகுதியும் பொருத்தமும் உடையவராக இருக்க வேண்டும் என்றுதான் 55ஆம் பிரிவு சொல்கிறது. நடப்பில் ஆபரேட்டருக்குக் கேட்கப்படுவது ஆண்டுக்கு ஒருமுறை அடிப்படைச் சோதனை மட்டும். ஓட்டுநரின் சோதனையில் காலாவதியான பழைய தண்டனைகள்கூடத் தெரியவரும். ஆபரேட்டரின் சோதனையில் அவை தெரியா. யார் எந்த வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எந்த வீடு இரண்டு வாரம் காலியாகக் கிடக்கும் என்ற தகவலெல்லாம் பதிவை ஏற்கும் மேசையில்தான் குவிகிறது என்பதைச் சட்டம் அரைக்கண்ணால்தான் பார்க்கிறது.

லண்டனில் ஊபரின் கதை இதற்கு நல்ல சான்று. கடுமையான குற்றங்களைக் காவல்துறைக்குத் தெரிவித்த விதம் உள்ளிட்ட குறைகளைக் காட்டி 2017 செப்டம்பரில் லண்டன் போக்குவரத்து ஆணையம் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மறு ஆண்டு நீதிமன்றம் 15 மாத உரிமம் கொடுத்தது. 2019 நவம்பரில் மீண்டும் மறுப்பு. உரிமம் பெற்ற ஓட்டுநர்களின் கணக்கில் வேறு ஆட்கள் தங்கள் படத்தை ஏற்றி, குறைந்தது 14,000 சவாரிகள் ஓட்டியிருந்தார்கள் என்றது ஆணையம். அந்தச் சவாரிகளுக்குக் காப்பீடும் இல்லை. 2020 செப்டம்பரில் நீதிமன்றம், பழைய தவறுகள் இருந்தும் நிறுவனம் இப்போது தகுதியானது என்று 18 மாத உரிமம் வழங்கியது. தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம்: விசாரணை நாளில் உள்ள நிலையைத்தான் பார்க்க வேண்டும், ஓட்டுநரின் மேல்முறையீட்டுக்கும் அதே விதிதான். ஆனால் மேல்முறையீடு நடந்த காலம் முழுதும் நிறுவனம் ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கறிஞரும் பொறியாளரும் வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ள அதற்கு அவகாசம் இருந்தது. பொதுப் பாதுகாப்பைக் காட்டி உடனடியாக உரிமம் பறிக்கப்பட்ட ஓட்டுநர், மேல்முறையீடு முடியும்வரை வண்டியைத் தொட முடியாது.

ஓட்டுநரின் மேல் பொறுப்பு எப்படி விழுகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க ஓர் இரவுக் காட்சியைக் கற்பித்துக்கொள்வோம். கடைசி ரயில் போய்விட்டது. மழை. நிலையத்தின் வெளியே நிற்கும் மினிகேப்பின் கண்ணாடியை ஒரு பெண் தட்டி, வருவீர்களா என்கிறார். ஓட்டுநர் இரக்கப்பட்டு ஏற்றினால், பதிவில்லாத சவாரி என்பதால் ஹேக்னி உரிமம் இல்லாமல் தெருவில் ஆள்பிடித்த குற்றம். பெரும்பாலும் காப்பீடும் செல்லாது என்பதால் இன்னொரு குற்றம். ஏற்றாமல் போனால், ஆபத்திலிருந்தவரைக் கைவிட்டார் என்று புகார் வரலாம். சட்டப்படி செய்யத்தக்கது, ஆபரேட்டரிடம் பதிவு செய்யச் சொல்லி அது உறுதியாகும்வரை காத்திருப்பதே. அந்த விதிக்கு நல்ல காரணம் உண்டு: பதிவு இருந்தால்தான் யார் யாரோடு போனார் என்ற தடயம் இருக்கும். ஆக, மினிகேப்பின் பாதுகாப்பே ஆபரேட்டரின் பதிவேட்டில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, அந்தப் பதிவை ஏற்றவர் வெறும் தரகர் என்று சொன்னால் பொருந்துமா?

பொருந்தும் என்றுதான் இன்றைய சட்டம் சொல்கிறது, லண்டனுக்கு வெளியே. 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஊபர் எதிர் அஸ்லம் வழக்கில் அடுக்கிய காரணங்களை நினைவில் கொள்ள வேண்டும். கட்டணத்தை நிறுவனம் தீர்மானிக்கிறது. ஒப்பந்த வாசகத்தையும் அதுவே எழுதுகிறது. சவாரிகளை மறுத்தால் தண்டிக்கிறது. மதிப்பெண் வைத்து ஓட்டுநரை ஆட்டுவிக்கிறது. பயணியோடு அவர் தொடர்பு வைத்துக்கொள்ளவும் விடுவதில்லை. எனவே ஓட்டுநர்கள் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் விடுப்புக்கும் உரிய தொழிலாளர்கள் என்றது தீர்ப்பு. அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம், லண்டன் ஆபரேட்டர் பயணியோடு தானே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றது. பிற ஊர்களுக்கும் அதையே 2023இல் சொன்னது. ஆனால் 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 2025 ஜூலையில் டெல்டா மெர்சிசைடு வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்புரட்டலை உறுதிசெய்தது. பதிவை ஏற்ற ஆபரேட்டரோடு ஒப்பந்தம் ஏற்பட்டதாகக் கருதப்படும் என்று 56ஆம் பிரிவு தொடங்கினாலும், எல்லா ஆபரேட்டரும் பயணிக்குத் தாமே பொறுப்பேற்று ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் 1976 சட்டத்திலிருந்து பிறக்காது என்பதே இன்றைய நிலை. ஆக, லண்டன் எல்லையைத் தாண்டினால் பொறுப்பு ஆள்மாறிவிடுகிறது.

எல்லை என்றதும் வுல்வர்ஹாம்டனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2015ஆம் ஆண்டின் கட்டுப்பாடு தளர்த்தும் சட்டம் ஓர் ஊர் ஆபரேட்டர் தன் பதிவை வேறு ஊர் ஆபரேட்டருக்குக் கைமாற்ற வழிவிட்டது. அதன் பிறகு, சுமார் இரண்டரை லட்சம் மக்கள் வாழும் இந்த நகரம் 20,000க்கு மேற்பட்ட ஓட்டுநர்களுக்கு உரிமம் கொடுத்தது. அவர்களில் பலர் வெகுதூரம் தள்ளி வேறு ஊர்களில் ஓட்டுகிறார்கள். உள்ளூர் மன்றத்தின் அலுவலர் தன் தெருவில் நிற்கும் அந்த வண்டிமேல் 1976 சட்டப்படி நடவடிக்கை எடுக்க முடியாது. 2022இல் வந்த சட்டம் ஓரளவு ஓட்டையை அடைத்தது: மறுக்கப்பட்ட, பறிக்கப்பட்ட உரிமங்கள் பொதுத் தரவுத்தளத்தில் ஏற வேண்டும், வேறு மன்றத்தின் ஓட்டுநர்மேல் ஐயம் வந்தால் பத்து வேலை நாளுக்குள் அந்த மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கவனிக்க, இந்த ஏட்டிலும் ஏறுவது ஓட்டுநரின் பெயர்தான்.

2025 ஜூனில் வந்த கேசியின் மற்றோர் அறிக்கை டாக்ஸி உரிமத்தின் ஓட்டைகளை மீண்டும் சுட்டியது. நாடு தழுவிய குறைந்தபட்சத் தரங்களுக்கு வழிசெய்வதாக அரசும் அறிவித்தது. 2014லேயே சட்ட ஆணையம் ஒரே சட்ட வரைவை எழுதிக் கொடுத்து, அது தூசி படிந்து கிடப்பதை நினைத்தால் இப்போதாவது அசைந்தது நல்லதே. ஆனால் அந்தத் தரங்கள் ஓட்டுநரின் சோதனைகளோடு நின்றுவிடக்கூடாது. ஆபரேட்டர் நிறுவனத்தின் இயக்குநருக்கும் பதிவை ஏற்பவருக்கும் காலாவதித் தண்டனைகளையும் காட்டும் சோதனை வேண்டும். அதற்குப் புனர்வாழ்வுச் சட்டத்தின் விலக்கு ஆணையைத் திருத்த வேண்டும். நடத்தைப் புகாரால் ஓட்டுநரைச் செயலியிலிருந்து நீக்கும் நிறுவனம், காரணத்தை உரிமம் கொடுத்த மன்றத்துக்கும் நீக்கப்பட்டவருக்கும் எழுத்தில் தர வேண்டும். பயணியோடு ஒப்பந்தம் ஆபரேட்டருடையதே என்று 56ஆம் பிரிவை லண்டன் விதிக்கு இணையாகத் திருத்த வேண்டும்.

கடைசித் திருத்தத்தைச் சிறு ஆபரேட்டர்கள் எதிர்ப்பதற்குக் காரணம் தெரிந்ததே. ஒப்பந்தம் தங்களுடையது என்றானால் முழுக் கட்டணத்தின்மேலும் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி விழும். கிராமப்புறத்தில் மருத்துவமனைக்குப் போகும் முதியவர்தான் அதைக் கட்டுவார். டெல்டா வழக்கின் அடியில் ஓடியதும் இந்த அச்சமே. அச்சம் நியாயமானது. அதைத் தீர்க்க மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தில் பயணக் கட்டணத்துக்குக் குறைந்த விகிதம் கேட்கலாம். வரி கூடும் என்பதற்காக, விபத்திலோ வன்முறையிலோ சிக்கிய பயணி வழக்குத் தொடுக்க வேண்டியது யார்மேல் என்ற கேள்விக்கு, வண்டித் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தனி ஓட்டுநரின் பெயரை விடையாகத் தருவதற்கு 1976 சட்டத்தில் இடம் விடக்கூடாது.