தோல் வாஷரில் இருந்து ஹைட்ராலிக் கிளட்ச் வரை

முசரவாக்கம் போன்ற காஞ்சிபுரம் வட்டாரக் கிராமங்களில் அடிபம்பு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். எவ்வளவு அடித்தும் தண்ணீர் ஏறவில்லை என்றால் "வாஷர் போயிடுச்சு" என்பார்கள். பெரிய பைக்குகளின் ஹைட்ராலிக் கிளட்ச் வேலை செய்யாமல் போனாலும் மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது அந்த வாஷரின் உறவுக்காரனைத்தான். கிண்ணம் போன்ற ஒரு சின்ன சீல்! இதன் கதை 200 ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஒரு இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. 17-ம் நூற்றாண்டிலேயே இது தெரியும். ஆனால் பயன்படுத்த முடியவில்லை. காரணம் ஒழுக்கு! இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒழுக்கை நிறுத்திய தோல் சீல், அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை என்று சொல்வார்கள். அழுத்தம் கூடும்போது தண்ணீரே சீலின் உதட்டைச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிடும். அழுத்தம் குறைந்தால் பிடி தளரும். எளிமையான யோசனை!

அடுத்தது வாகனங்கள். மால்கம் லாக்ஹீட் உருவாக்கிய ஹைட்ராலிக் பிரேக் 1921-ல் டூசன்பெர்க் காரில் வந்தது. 1924-ல் கிரைஸ்லர் கார்களில் ரப்பர் கப் வந்த பிறகுதான் அது நம்பகமானது. நம் ஊரில் 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. அடிபம்பும் இதே பாதையில்தான் போனது. 1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர் பகுதியில் நடந்த களச் சோதனையில், தோல் வாஷரை விட நைட்ரைல் ரப்பர் வாஷர் அதிக நாள் உழைப்பது தெரிந்தது. இந்தியா மார்க் 3 பம்பில் அதுவே இடம்பிடித்தது.

பைக்குகளில் 1955-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய புல்லட் முதல் இன்றைய பெரும்பாலான பைக்குகள் வரை கிளட்சுக்கு கேபிள்தான். 1980-களின் தொடக்கத்தில் ஹோண்டா தன் விஎஃப் வரிசை பைக்குகளில் ஹைட்ராலிக் கிளட்ச் கொடுத்தது. சுசுகி ஹயபுசாவிலும் இதுதான். லீவரைப் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும். எஞ்சின் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் கிளட்சை விடுவிக்கும். கேபிள் அறுந்து போகும் தொல்லை இல்லை, அடிக்கடி டைட் வைக்கவும் வேண்டாம்.

ஆனால் சீல் போனால்? லீவர் கொழகொழவென்று ஆகும், நியூட்ரல் விழாது. நெடுஞ்சாலை சிக்னலில் கிளட்ச் பிடித்தும் வண்டி முன்னால் நகர்ந்தால் ஆபத்துதான். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிரேக் பேட் தேயத் தேய பிரேக் டப்பாவில் திரவம் குறையும். கிளட்சில் தலைகீழ்! பிளேட் தேயத் தேய திரவ மட்டம் பொதுவாக ஏறும். ஆகவே கிளட்ச் டப்பாவில் மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

சீல் மாற்றும்போது சிலிண்டரின் உள்சுவரில் கீறலோ துருவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் புது சீலும் சீக்கிரம் போய்விடும். புது சீலைப் புதுத் திரவத்தில் நனைத்து, உதடு திரவத்தைப் பார்க்கும்படி போட வேண்டும். மாட்ஸ்லே காலத்து விதி இன்றும் அதேதான். கடைசியில் காற்றுக் குமிழ் முழுவதும் போகும்வரை ஏர் எடுக்க வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. மூடியில் டாட் 4 என்று இருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். அந்தத் திரவத்துக்கான ஈபிடிஎம் ரப்பர் மினரல் ஆயில் பட்டால் ஊதிவிடும். மினரல் ஆயில் கேட்கும் கிளட்சில் டாட் 4 ஊற்றினாலும் சீல் கெட்டுவிடும். அடிபம்பில் நன்றாக உழைத்த அதே நைட்ரைல் ரப்பர் டாட் 4-ல் தாங்காது! டாட் 4 காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

200 ஆண்டுகளில் தோல் போய் ரப்பர் வந்தது, தண்ணீர் போய் டாட் 4 வந்தது. லட்சக்கணக்கில் விலை உள்ள பைக்கும் இன்று அந்தச் சின்னக் கிண்ணத்தை நம்பித்தான் ஓடுகிறது.